தோளுக்கு ஆகாதவை

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கு என் வலது தோளைத் தவிர எல்லோரும் நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். பத்து நாள் வந்திருந்து நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொண்டு போ என்று எழுதியிருந்தாய். வரலாம். ஆனால் எனக்கு என்ன சமைப்பாய் என்பதுதான் கேள்வி.

தக்காளி மூட்டில் உப்பாகப் படியும் என்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். உருளைக்கிழங்கு வாயு என்று தபால்காரர், கத்தரிக்காயை வீட்டுக்குள்ளேயே விடாதே என்று தையற்காரர். தினம் ஒரு எலுமிச்சை பிழிந்து குடி என்கிறார் மளிகைக்கடைக்காரர். புளிப்பு எலும்பை அரித்துவிடும் என்கிறார் அவருடைய சொந்த அண்ணன். இரண்டு பேரும் என் கடை வாடிக்கை, அதனால் பாதிப் பழம் பிழிகிறேன். ஒரு மனிதர் கழுத்தை நீட்டிக்கொண்டு என் நன்மைக்காகப் பேசுகிறார், சவரக்கத்தி என் கையில் இருக்கிறது, அந்த நேரத்தில் மறுத்துப் பேசினால் நன்றாகவா இருக்கும்? அடுத்த மாதம் வரும்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "தக்காளிய விட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது.

தோளைக் காட்டப் போன ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பெண், "வலி எப்ப வருது, எப்ப கொறையுதுன்னு எழுதிட்டு வாங்க" என்றாள். என்ன சாப்பிட்டபோது என்றும் சேர்த்து எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதான் வலி உயிர் போகிறது. அன்று கடையில் இருபது தலை, சாப்பாட்டுக்கு முட்டைக் குழம்பு. ஆகவே முட்டையை நிறுத்தினேன். திங்கட்கிழமை கடை விடுமுறை, வலியும் குறைவு. அன்று சாப்பிட்டது புடலங்காய். ஆகவே வாரம் முழுக்கப் புடலங்காய் தின்றேன். ஞாயிறு மறுபடி வலித்தது. காய் முற்றலோ என்று சந்தேகம். உன் தம்பி மனைவி, "நீங்க ஒண்ணும் சாப்பிடாம இருக்கறதுக்கு நான் ஏன் மூணு வேளையும் அடுப்புகிட்ட நிக்கணும்?" என்கிறாள். பட்ட காலிலே படும் என்பது போல, கடை நாற்காலி வேறு மேலே ஏறியது இறங்க மாட்டேன் என்கிறது. முதலில் இந்தக் கை சரியாகட்டும், பிறகு நாற்காலிக்கு ஆள் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

சிரிக்காதே அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பாவுக்கும் இதே தோள்தான். ஐம்பத்திரண்டு வயதில் கத்தியைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. எனக்கு அடுத்த மாதம் ஐம்பத்திரண்டு. இதை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. தயிர்தான் காரணம் என்று யாரோ சொல்லி நாம் அவருக்கு நிறுத்தினோமே, தட்டை நீட்டி, "ஒரு கரண்டிம்மா" என்று உன்னிடம் கேட்பாரே, நிறுத்திய பிறகு கை கொஞ்சமாவது மேலே வந்ததா? உண்மையைச் சொல். தயிரை நான் இன்னும் விடவில்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

அத்தானுக்கு என் வணக்கம். வலது கை தூக்க வராததால் பிள்ளைகளுக்கு இடது கையால் ஆசி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நேற்று அந்தப் பிசியோதெரபிப் பெண் தன் கணவரை முடிவெட்ட அழைத்து வந்தாள். நோட்டைப் பெருமையாக நீட்டினேன். படித்துவிட்டு நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நுனிக்காலில் நின்று கையைக் காதுக்கு மேலே தூக்கி வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நாற்காலிய எறக்க மாட்டீங்களா?"

"எறங்காதும்மா. ரிப்பேர்."

"எத்தன மாசமா?"

"பத்து."

"தோள்வலி?"

பத்து என்று சொல்லத் திறந்த வாயை நான் மூடவில்லை. இன்று காலை மெக்கானிக் வந்து இறக்கிக் கொடுத்துவிட்டார். வலி ஒரே நாளில் போகாதாம், பயிற்சி செய்ய வேண்டுமாம், ஆனால் எல்லாம் சாப்பிடலாமாம், அந்தப் பெண் சொல்லிவிட்டாள். வரும் திங்கட்கிழமை வந்துவிடுகிறோம். தக்காளி, கத்தரிக்காய், முட்டை எதையும் விடாமல் சமை. புடலங்காய் மட்டும் வேண்டாம்.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. அப்பாவும் என்னைப் போலக் குட்டை. அவருடைய மர நாற்காலி ஒரு நாளும் இறங்கியதில்லை. அந்த மனிதருக்குப் போய், கேட்கக் கேட்க, ஆறு வருஷம் தயிர் ஊற்றாமல் இருந்தோமே அக்கா.