ஜீன் சித்தரின் ஏழு கோழிகள்

குலசேகரத்தில் அந்த மாதம் ரப்பர் பால்கூட நேரத்துக்கு வடியவில்லை. மரங்களும் முட்டை வாங்க வரிசையில் போய் நின்றிருக்கும். பேச்சிப்பாறை சாலையில் ஆறு கிலோமீட்டருக்குக் கூட்டம். சரி, இருநூறு பேர். என் கால்வலிக்கு அது ஆறு கிலோமீட்டர்தான்.

எல்லாம் ஜீன் சித்தரின் மகிமை. இயற்பெயர் செல்வதாஸ். போன வருடம்வரை மார்த்தாண்டத்தில் வாஸ்து மீன் விற்றவர். வெளிநாட்டில் கோழியின் மரபணுவை மாற்றி, முட்டையில் மருந்துப் புரதம் சுரக்க வைத்ததாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. செய்தி உண்மை. நம் ஆள் அதை வெட்டி லேமினேட் செய்து சந்தனம் தொட்டு வைத்தார். ஆராய்ச்சி முடிந்தது.

"எனக்க கோழி இன்சுலின் முட்டை இடும். தினம் ஒண்ணு அவிச்சுத் தின்னா சுகர் போச்சு. ஊசியே வேண்டாம்!"

பச்சை வலை போர்த்திய கூட்டில் ஏழு கோழிகள். வலை இடைவெளியில் சிவந்த கொண்டைகள் மட்டும் தெரியும். நெருங்கக் கூடாது, கண் பட்டால் மரபணு கலைந்துவிடுமாம். திடீரென்று உள்ளிருந்து ஒரு "கொக்கரக்கோ!"

"சாமி, கோழி கூவுதே?" என்றது வரிசையில் ஒரு குரல்.

"ஜீன் மாறினா குரலும் மாறும். முட்டையிடுற கோழி கேறும்லா, இது ஃபாரின் கேறலாக்கும்."

பிறந்ததிலிருந்து கோழி வளர்க்கும் இருநூறு பேரும் தலையாட்டினார்கள்.

வரிசையில் முதல் ஆள் சொர்ணம்மாள். பதினோரு நாளாக இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டாள். காலில் ஆறாத புண். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் மகள் ரேஷ்மி ஊசியும் கையுமாக ஓடிவந்து, விரலைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு.

"அம்மா, காலை எடுக்கச் சொல்லிருவாங்க. ஊசி போடட்டா?"

"சும்மா கெட ஏட்டி. ஊசி போட்டா முட்டைக்க பவர் போயிரும்."

ரேஷ்மி சித்தரிடம் திரும்பினாள். "இன்சுலினைத் தின்னா வயிறு அதை மீன்கறி மாதிரி செரிச்சிரும். அந்த வெளிநாட்டுலயும் முட்டையில இருந்து மருந்தைப் பிரிச்செடுத்து, வருஷக்கணக்கா சோதிச்சுத்தான் குடுக்காங்க. ஆம்லெட் போட்டு இல்ல."

கூட்டம் கொட்டாவி விட்டது.

"சரி, அதை விடுங்க. ஏழு கோழி தினம் இருநூறு முட்டை எப்படி இடும்?"

"அதாக்கும் ஜீன்!"

"கொள்ளாம். கூட்டுக்குள்ள இருக்க முட்டையை வெளிய எடுங்க. மத்தியானம் வரை எனக்க பூட்டு. ஒரு முட்டை கெடந்தாலும் நானே அம்மைக்கு அவிச்சுக் குடுப்பேன். இல்லேன்னா ஊசி."

சித்தர் நழுவப் பார்த்தார். அவரை மாட்டிவிட்டது அவருடைய பரம பக்தைதான். "சாமிக்கு என்ன பயம்? பூட்டுட்டி!" என்றாள் சொர்ணம்மாள்.

மத்தியானம் வந்தது. முட்டை வரவில்லை.

"ஆளு பாக்குதுல்லா, கோழிக்கு வெக்கம்," என்றார் சித்தர்.

ரேஷ்மி கூட்டைத் திறந்தாள். ஏழும் நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தன. ஒன்று அந்த லேமினேட் செய்தியின் மேலேறிக் கூவியது. சொர்ணம்மாள் அதைப் பிடித்துக் காலைப் பார்த்தாள். கட்டைவிரல் நீளத்துக்கு முள்.

"ஏட்டி, இது சேவலுல்லா! ஏழும் சேவலு!"

மீன் விற்றவருக்குக் கோழி தெரியவில்லை. சந்தையில் கொண்டை பெரிதாக இருந்ததை எல்லாம் வாங்கிவிட்டார். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், நாமக்கல் பண்ணை முட்டை அட்டைகள் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தன. சித்தரோ ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டு கேரளா எல்லைவரை ஓடினார்.

சொர்ணம்மாள் கையை நீட்டினாள். "குத்துட்டி. அப்படியே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போ."

கோழியை மாற்ற விஞ்ஞானிகளுக்குப் பல வருடம் பிடித்தது. நம்மை மாற்ற ஒரு லேமினேஷன் போதுமாக இருந்தது. முட்டைக்குள் இருப்பதைப் பார்க்க ஆய்வகம் வேண்டும், மக்கா. சேவல் முட்டையிடுமா என்று யோசிக்க அதுவும் வேண்டாம்; கழுத்துக்கு மேலே இருப்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.