விருந்தாளிக்காகக் கூட்டின கரை

அன்புள்ள மருமகன், சட்டத்தரணி மின்ஹாஜ் அவர்களுக்கு,

பள்ளிவாசல்துறையிலிருந்து மாமா செய்னுலாப்தீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். றப்புடைய கிருபையால் நானும் மாமியும் சுகம். கடலுக்குத்தான் சுகமில்லை. மகள் அமானியின் சுகத்தையும் உங்கள் முதுகு நோவின் நிலவரத்தையும் அறிய ஆவல். மாமி தைத்துத் தந்த குஷனைக் காரில் போட்டு அதன் மேல் இருந்துதான் நீதிமன்றத்துக்குப் போய்வருகிறீர்களாம், முதுகுக்கு நல்ல இதமாம். கேட்டதும் மாமி அழுதே விட்டா.

வழக்கு விசயமாகவே இதை எழுதுகிறேன். கப்பல் கம்பனிக்காக நீங்கள் எழும்பி, 'பள்ளிவாசல்துறைக் கரையில் ஒரு பிளாஸ்டிக் மணியும் ஒதுங்கவில்லை, ஆகவே கரை துப்புரவாக்கிய செலவும் வலைச் செலவும் கம்பனியின் பொறுப்பல்ல' என்று பேசினீர்களாம். நான் கோபிக்கவில்லை. கறுப்புக் கோட்டுப் போட்டா அப்படித்தான் பேசணும்.

ஆனா நடந்தது உங்களுக்குத் தெரியணும். கப்பல் மூழ்கின கிழமை, அதில ஏத்தின சாக்கெல்லாம் கிழிஞ்சு கரை முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் மணி. பக்கத்து வீட்டு றஸீன் பிடிச்ச மீனை அவன்ட பொண்டாட்டி அக்கீலா வெட்டினா, குடலுக்குள்ளயும் மணி. "மீனுக்குச் சவ்வரிசிக் கஞ்சி ஊத்தினது யாரு?" எண்டு கேட்டா. எல்லாரும் சிரிச்சம். சிலாபம் சந்தையில ஒருத்தரும் எங்கட மீனைத் தொடல்ல எண்டதும் சிரிப்பு நிண்டுட்டு. றஸீன்ட வள்ளம் இன்னும் கவுத்தபடிதான் கெடக்கு. அந்த நேரம்தான் நட்டம் பாக்கக் கொழும்புலருந்து அரசாங்க ஐயாமார் வாறாங்க எண்டு கதை வந்திச்சு. பள்ளித் தலைவர் லத்தீப் ஹாஜியார் ஸ்பீக்கரைப் பிடிச்சார். "பெரிய மனுசங்க வாறாங்க. கரை இப்படிக் கெடந்தா ஊருக்கு மரியாதையா? கூட்டுங்க எல்லாரும்!" வீட்டுக்கு ஆள் வாறெண்டா வாசல் முத்தம் கூட்டாம இருப்பமா, மருமகன்? பொம்பளையள் அரிதட்டுக் கொண்டுவந்து மணலையே அரிச்சாங்க. சாக்குச் சாக்கா ட்ராக்டர்ல ஏத்தி அனுப்பினம், ட்ராக்டர்க்காரன் எங்க கொட்டினான் எண்டு அவனுக்கே ஞாபகமில்ல.

ஐயாமார் வந்தாங்க. கதிரை போட்டம், தெம்பிலி இளநீர் வெட்டினம், வட்டிலப்பமும் குடுத்தம். பெரிய ஐயா சப்பாத்தைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடந்து பாத்துட்டு, "இப்படிச் சுத்தமான கரையை நான் இலங்கையிலயே பாக்கல்ல" எண்டார். ஹாஜியார் கைதட்டினார். நானும் தட்டினேன், பொய் சொல்லப்படாது. ஐயா அதையே எழுதிக் கையெழுத்தும் வச்சுட்டுப் போயிட்டார். அதைத்தான் நீங்க இப்ப நீதிபதிக்குத் தூக்கிக் காட்டுறீங்க.

அடுத்த வழக்குத் தவணையில சாட்சிப்பொருளா ஒரு மணியாவது குடுக்காட்டி எங்கட ஊரை வழக்கிலருந்து வெட்டிப்போடுவாங்களாம். நேத்து றஸீன் வந்தான்.

"செய்னுலாப்தீன் காக்கா, மருமகன்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லேலாதா?"

"ஏலாதுடா. அவர் வாங்கின பீஸுக்கு நேர்மையான ஆள்."

"அப்ப கடலை நாசமாக்கினவன் கட்டத் தேவையில்ல, கூட்டினவன்தான் கட்டணுமா?"

எனக்கு என்ன சட்டம் தெரியும், நான் அஞ்சாம் வகுப்பு. அவன் எழும்பிப் போயிட்டான். எங்கட ஊருக்குள்ள இப்ப ஒரு மணியும் இல்ல, மருமகன். வழக்கை விட்டுடுங்க எண்டு ஊர் ஆக்களுக்கு நானே சொல்லப் போறேன். நீங்க வெண்டுட்டீங்க.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நேரான முதுகையும் தருவானாக. மகளுக்கு எங்கட ஸலாம்.

இப்படிக்கு,
தோத்துப்போன மாமா,
செய்னுலாப்தீன்

பிற்குறிப்பு: எழுதி முடிச்சாப் பொறகு மாமி ஒரு விசயத்தை ஞாபகப்படுத்தினா. உங்கட குஷன் தைக்கக்குள்ள இலவம்பஞ்சு போதாமப் போச்சு. கரையில அரிச்ச மணியைக் கழுவி நான்தான் அள்ளிப் போட்டேன். உள்ளுறையும் கரையொதுங்கின கப்பல் சாக்குத்தான், கம்பனிப் பேரும் நம்பரும் அழியாம இருக்கு. ஒவ்வொரு தவணைக்கும் சாட்சிப்பொருளை நீங்கதான் நீதிமன்ற வாசல் வரைக்கும் கொண்டுபோயிருக்கீங்க, அதுவும் மேல குந்திக்கொண்டு. எங்கட சட்டத்தரணிக்கும் இதை எழுதிட்டேன். அடுத்த தவணையில அவர் உங்கட காரடிக்கு வருவார், கதவைத் திறந்து குடுங்க. முதுகை நினைச்சுக் கவலைப்படாதீங்க. மாமி புதுசு ஒண்டு தைக்கிறா. இந்த முறை முழுக்கப் பஞ்சுதான்.