என் தட்டை நானே கழுவிய மூன்று வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

என்னைக் கெடுத்தது நீதான். மற்றபடி இங்கே நால்வரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மரியாதை முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வாரம் முன்பு, சாப்பிட்டு முடித்ததும் என் ஏழு வயது மகள் தன் தட்டோடு தம்பியின் தட்டையும் தூக்கிக்கொண்டு போனாள். அந்தத் துரையோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "எவ்ளோ பொறுப்பு பாரு!" என்று நான் பூரித்தேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். உடனே எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளைகள் மனதில் விஷம் ஏறுவதே இப்படித்தான் என்று எழுந்து நின்று பேச ஆரம்பித்தவன், இன்றுமுதல் அவரவர் தட்டை அவரவரே கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டுத்தான் உட்கார்ந்தேன். பேசி முடிப்பதற்குள் சாப்பிட்ட கை காய்ந்துவிட்டது.

மறுநாளே பணிமனையில், பஸ்சுக்கு அடியில் படுத்தபடியே பிரசாரத்தைத் தொடங்கிவிட்டேன். "என் தட்ட நான்தான் கழுவுறேன், நீங்கள்லாம் எப்பத்தான் மாறப் போறீங்க?" தினமும் இதே பேச்சு. கடைசியில் வெல்டர் அண்ணன் முகமூடியைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "தம்பி, கல்யாணமானதுலேர்ந்து எங்க வீட்டு மொத்தப் பாத்திரமும் நான்தான் கழுவுறேன். இதுக்குக் கூட்டம் போட்டுச் சொல்லணும்னு தெரியாமப் போச்சே."

நேற்று மகனின் தட்டு மேசையிலேயே கிடந்தது. விடுவேனா? பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, அப்பா தட்ட அப்பா கழுவல?"

"இல்லையே. அக்காதான கழுவுறா."

நம்பினால் நம்பு, அக்கா, எனக்குக் கழுவிய ஞாபகம் இருந்தது. கையில் சோப்பு நுரை வழுக்கியதுகூட ஞாபகம் இருந்தது. சாப்பிட்டதும் செல்போனோடு எழுந்து போகிறவனுக்கு எங்கிருந்து வந்தது நுரை? மகளைக் கூப்பிட்டேன். தலை குனிந்து நின்றாள்.

"நீங்க மறந்துடுவீங்கப்பா. அம்மா பாத்தா திட்டுவாங்க. உங்களுக்கு அசிங்கமாயிடும்ல? அதான் அம்மா வர்றதுக்குள்ள..."

எனக்குச் சட்டென்று நம் வீட்டு ரேடியோ ஞாபகம் வந்தது. உடைத்தது நான், அடி வாங்கியது நீ. "பொம்பளப் புள்ளைக்குக் கவனம் வேணாமா?" என்று அப்பா கத்தியபோதும் நீ வாய் திறக்கவில்லை. என் பள்ளிக்கூடம் எதிர்வரிசை, உன்னுடையது நாலு தெரு தள்ளி. சைக்கிள் மட்டும் எனக்கு. நான் விழாமல் ஓட்டப் பழகியதே நீ பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததால்தான். இத்தனை வருஷமாக இதையெல்லாம் "எங்க அக்காவுக்கு என் மேல உசுரு" என்று பெருமையடித்துத் திரிந்திருக்கிறேன், வெட்கங்கெட்டவன்!

ரேடியோ உடைந்த அன்றைக்கு நீ வாய் மூடியது பாசத்திலா, பயத்திலா? பாசம் என்று ஒற்றை வார்த்தையில் எழுதித் தப்பிக்காதே. நீ சொல்லும் பதிலை வைத்துத்தான் என் மகளிடம் என்ன பேசுவதென்று முடிவு செய்ய வேண்டும். பார்த்தாயா, அதையும் உன் தலையில்தான் கட்டுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் தட்டைப் பற்றி நான் கேட்கவில்லை.

உன் தம்பி

பி.கு.: மதியம் சாப்பிட்ட கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். என் தட்டு இந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இப்போது காணோம். "யாரு என் தட்ட எடுத்தது? சொல்லுங்க!" என்று கத்தினேன். சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. யாரும் வாய் திறக்கவில்லை.