ஒரு நாளைக்கு எத்தனை பேர்?

"ஒரு நாளைக்கு அறுபது பேர் வருவாங்கன்னு எழுதியிருக்கீங்க. யார் சொன்னது?" என்று கேட்டார் பேங்கின் லோன் மேடம்.

ஊரே 'மீட்டர்' என்று கூப்பிடும் அந்த மனிதர், பக்கத்து நாற்காலியில் இருந்த மச்சானைப் பார்த்தார். மச்சான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான்.

"இவன்தான் சொன்னான் மேடம். என் மனைவியோட தம்பி."

"இவர் லாண்டரி வச்சிருக்காரா?"

"இல்ல. சட்டை போடுவான்."

லோன் மேடம் ஃபைலை மூடி, மேஜையின் மறுபக்கத்துக்குத் தள்ளினார். இப்படித் தள்ளப்படுவது இது மூன்றாவது முறை. ஃபைலுக்கே வழி பழகிவிட்டது.

"சார், கடை எங்கே, என்ன மெஷின், எத்தனை ஆள், எல்லாம் பிரமாதமா எழுதியிருக்கீங்க. நிதிப் பகுதிதான் இடிக்குது. அதுலயும் கரண்ட் செலவை மட்டும் பைசா சுத்தமா போட்டிருக்கீங்க. மத்ததெல்லாம் குத்துமதிப்பு. வரவுக்கு ஆதாரம் காட்டுங்க. நான் மேலிடத்துக்கு அனுப்பறேன்."

கரண்ட் செலவு சுத்தமாக இருந்ததில் ஆச்சரியமில்லை. மீட்டருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் இருபது வருஷமாக வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படித்தவரை யார் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? மாடிப்படிக்கு அடியில் தலையை நுழைத்து, டார்ச் அடித்து, இன்றைய எண்ணிலிருந்து போன மாத எண்ணைக் கழித்து எழுதிவிட்டு வருவார். அப்புறம் தானாகவே கணக்குச் சொல்லும் மீட்டர்கள் வந்தன. நிறுவனம் அவர் கையில் ஒரு தொகையைக் கொடுத்து, கையைக் குலுக்கி அனுப்பிவிட்டது.

அந்தத் தொகையில்தான் லாண்டரி வைக்கலாம் என்று முடிவானது. சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற குடும்பங்கள். தெருமுனையில் ஒரு கடை காலியாக இருந்தது. பாதி சொந்தப் பணம், பாதி கடன். சொந்தப் பணம் போனால் வேறு பணம் கிடையாது. இது அவருக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். பயத்தில் இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை.

"ரெண்டு தெரு தள்ளி ஒரு லாண்டரி இருக்கே சார். அங்க ஒரு நாளைக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்த்தாவது எழுதுங்க," என்றார் லோன் மேடம்.

மறுநாளே மீட்டர் அந்த லாண்டரிக்கு எதிரே போய் நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி வந்து குறுக்கே நின்றது. இந்தப் பக்கம் நகர்ந்தால் மரம் மறைத்தது. அந்தப் பக்கம் நகர்ந்தால் மருந்துக் கடைக்காரர், "யாரைத் தேடறீங்க? மயக்கமா வருதா?" என்று விசாரித்து நாற்காலி போட்டார். உட்கார்ந்ததும் உப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். இனி தப்பிக்க ஒரே வழி லாண்டரிக்குள்ளேயே போய்விடுவதுதான். தோள் பையில் இருந்த பழைய சட்டையோடு உள்ளே நுழைந்தார்.

உள்ளே முதலாளி செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். கவுண்டரில் இருந்த பெண் சட்டையை வாங்கி, பில் போட்டுக் கொடுத்தாள்.

பில்லின் வலது மூலையில் சிவப்பு மையில் ஒரு எண் இருந்தது. வரிசை எண்.

மீட்டருக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இதற்குப் போய் மரத்தடியில் நிற்பானேன்? காலையில் ஒரு பில், சாயங்காலம் ஒரு பில். இதிலிருந்து அதைக் கழித்தால் எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரிந்துவிட்டுப் போகிறது. இருபது வருஷம் செய்த வேலை. ஒரே வித்தியாசம், மீட்டர் பார்க்க இங்கேதான் முதன்முதலாகக் காசு கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் கழித்துப் பார்த்ததில் ஒன்பது வந்தது. லோன் மேடம் அந்த எண்ணை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஒன்பதை வச்சு சோப்புத் தூள்கூட வாங்க முடியாதே சார். அதோட, ஒரு நாள் கணக்கு செல்லாது. குறைஞ்சது ஒரு ரெண்டு மாசம் வேணும். எந்தெந்த நேரத்துல கூட்டம் வருதுன்னும் வேணும். அதை வச்சுத்தானே ஆள் சம்பளம் போடுவீங்க?"

மணிக்கு ஒரு எண் வேண்டுமென்றால் மணிக்கு ஒரு பில் வேண்டும். ஒரே ஆள் மணிக்கொரு தரம் சட்டையோடு போய் நின்றால் கவுண்டர் பெண் என்ன நினைப்பாள்? மீட்டர் அன்று ராத்திரி குடும்பத்தைக் கூட்டினார்.

"நான் வீட்டுல உட்கார்ந்து கணக்கைப் பார்த்துக்கறேன். நீங்க மாத்தி மாத்திப் போய் பில்லை வாங்கிட்டு வாங்க. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றாள் மனைவி. "மணிக்கொரு பில்லுக்கு நம்ம வீட்டுல துணிக்கு எங்க போறது?"

"அதெல்லாம் நீ பார்த்துக்க. எனக்கு நம்பர் வந்தா போதும்."

மச்சானுக்குக் கடையில் மேனேஜர் வேலை என்று பேச்சு. அதனால் அவனுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

"மாமா, நம்பர் கம்மியாவே இருந்தா லோன் கிடைக்காதா?"

"கிடைக்காது."

மச்சான் அக்காவின் பக்கம் திரும்பினான்.

அடுத்த வாரம் முதல் வீட்டில் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. மீட்டர் குளித்துவிட்டு வந்தால் துண்டு இருக்காது. ஜன்னல் திரை ஒருநாள் காணாமல் போனது. காலை வெயில் நேராக அவர் முகத்தில் அடித்தது. படுக்கை விரிப்பைக் கேட்டால், "பதினோரு மணிக்குப் போயிருக்கு," என்று பதில் வந்தது, ஏதோ ரயிலில் ஏறிப் போன மாதிரி.

"ஏங்க, இதுக்கு ஆகுற செலவைப் பார்த்தீங்களா?" என்று மனைவி ஒரு சீட்டை நீட்டினாள்.

"ஆய்வுச் செலவுன்னு ஒரு வரி போட்டுக்கலாம். டாக்டர்கிட்ட போனா மருந்துக்கு முன்னாடி டெஸ்ட்டுக்குச் செலவு பண்றதில்லையா?"

"டெஸ்ட்டுலயே பணம் தீர்ந்துட்டா மருந்தை யாரு வாங்குவா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் எண்கள் ஏற ஆரம்பித்திருந்தன. ஒன்பது பதினெட்டாகி, பதினெட்டு முப்பதைத் தாண்டியது. மீட்டர் கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்தார். கோடு மாடிப்படி மாதிரி மேலே போயிற்று. இத்தனை வருஷத்தில் எந்த வீட்டு மீட்டரும் அவருக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

"வாரா வாரம் கூடுதே!" என்று லோன் மேடமே நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன காரணம்?"

"இந்த ஏரியாவுல ஜனங்க சுத்தமாயிட்டே வர்றாங்க மேடம்."

"நல்லது. இதையே சட்டை தனி, போர்வை தனி, அவசரத் துணி தனின்னு பிரிச்சுக் கொடுத்துடுங்க. ஒவ்வொண்ணுக்கும் லாபம் வேற இல்லையா?"

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி காலியாகிவிட்ட துணி அலமாரியைத் திறந்து பார்த்தாள். பிறகு தம்பியை அழைத்துக்கொண்டு வெளியே போனாள். அவர்கள் எங்கே போனார்கள் என்று மீட்டர் கேட்கவில்லை. கோடு வரைய ஸ்கெட்ச் பேனா தேடிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் அவருக்குக் குடியிருப்பில் மரியாதை கூடிவிட்டது. வராந்தாவில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். மூன்றாம் மாடிக்காரர், அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், "உங்க குடும்பம் மாதிரி ஒரு குடும்பம் அக்கம் பக்கத்துல கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். தொழில் தொடங்குபவனுக்கு ஊரே வாழ்த்துச் சொல்கிறது என்று மீட்டருக்கு உச்சி குளிர்ந்தது.

பேங்குக்குப் போக வேண்டிய ஒரு காலையில் அவருக்கென்று ஒரு சட்டைகூட இல்லை. லாண்டரியிலிருந்து வந்திருந்த கட்டைப் பிரித்து, கைக்குக் கிடைத்த ஒரு நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். உள்ளே இருந்த எதிர்வீட்டுக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"என் சட்டை உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு."

மீட்டருக்கு அசடு வழிந்தது. அந்த லாண்டரியில் துணியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், வேறென்ன? பேங்கில் காத்திருந்த நேரத்தில், 'துணி மாறிப்போவது எங்கள் கடையில் ஒருபோதும் நடக்காது' என்று திட்டத்தில் ஒரு வரி சேர்த்தார்.

இரண்டு மாதம் முடிந்தபோது நிதிப் பகுதி மட்டும் ஒரு தலையணை கனம் இருந்தது. நாள் வாரியாக, மணி வாரியாக, துணி வாரியாக. கடைசி வாரத்தில் ஒரு நாளைக்கு அறுபத்து நான்கு. மச்சான் முதலில் சொன்ன அறுபதையும் தாண்டிவிட்டது.

"நான் அப்பவே சொல்லல?" என்றான் மச்சான்.

இரண்டு விஷயங்கள் மட்டும் உதைத்தன. ஆய்வுச் செலவு சொந்தப் பணத்தில் நல்ல கடியாகக் கடித்திருந்தது. புது மெஷின்கள் வாங்க இனிமேல் காணாது. தெருமுனைக் கடையையோ, இவர்கள் கோடு கிழித்துக்கொண்டிருந்த வேளையில் மருந்துக் கடைக்காரர் வாடகைக்கு எடுத்துவிட்டார்.

செய்தியைக் கேட்ட அன்று மீட்டர் சாப்பிடவில்லை. அவர் பயந்துதான் போயிருந்தார். வேலை போன நாளில்கூட இந்த அளவு பயந்ததில்லை. மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நாளைக்கு அந்த மேடத்தையே கேளுங்க. வழி சொல்லுவாங்க," என்றாள்.

மேடம் வழி சொன்னார்.

"இவ்வளவு நல்லா ஓடுற கடை பக்கத்துலயே இருக்கும்போது உங்க புதுக் கடைக்கு யார் சார் வரப் போறாங்க? அந்தக் கடையையே விலைக்குக் கேட்டுப் பாருங்களேன். மெஷின் இருக்கு, வாடிக்கை இருக்கு. ஆதாரம்தான் உங்க கையிலயே இருக்கே. லோனுக்கு நான் பொறுப்பு."

லாண்டரி முதலாளி இப்போதெல்லாம் தூங்குவதில்லை. புதுச் சட்டை போட்டிருந்தார், முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

"விக்கிறதா? ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தா மெஷினைக் காயலான் கடை விலைக்குக் கொடுத்திருப்பேன். கதவைச் சாத்திடலாம்னுதான் இருந்தேன். இப்பப் பார்த்தீங்கல்ல கூட்டத்தை?"

பேரம் பேசுவதில் மீட்டர் சளைத்தவர் இல்லை. "கூட்டம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போகும். அதை நம்ப முடியுமா?" என்று பிடி கொடுக்காமல் ஆரம்பித்தார்.

"என்ன மாமா இப்படிச் சொல்றீங்க!" என்று மச்சான் ஃபைலைத் திறந்து, மாடிப்படிக் கோட்டை முதலாளி முன்னால் விரித்தான். "நீங்களே போட்ட கணக்கு. ஒரு நாள்கூட இறங்கல பாருங்க."

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கோட்டைப் பார்த்தார். பிறகு தான் சொல்வதாக இருந்த விலையை விட்டுவிட்டு வேறொரு விலையைச் சொன்னார்.

தான் வரைந்த கோட்டோடு தானே எப்படிச் சண்டை போடுவது? மிச்சமிருந்த பணம் மொத்தமும், லோன் மொத்தமும் அதில் போயிற்று. கையெழுத்தானதும் முதலாளி சாவியைக் கொடுத்து, மீட்டரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உங்க குடும்பத்தை நான் மறக்க மாட்டேன்," என்றார்.

எத்தனை பண்பான மனிதர் என்று மீட்டர் வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். வந்ததும் குடும்பத்தைக் கூட்டி, ஒரு முதலாளிக்கு உரிய குரலில் அறிவித்தார்:

"ஆய்வு முடிஞ்சது. இனிமே நம்ம துணியெல்லாம் வீட்டுலயே துவைச்சுக்கணும். யாரும் பில்லு வாங்கக் கடைப் பக்கம் வரக் கூடாது. கடை வேற, வீடு வேற. புரிஞ்சுதா?"

மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி காலண்டரைப் பார்த்தான்.

மறுநாள் காலை மீட்டர் தானே ஷட்டரைத் தூக்கினார். கவுண்டர் பெண் வந்து மேஜையைத் துடைத்தாள். மெஷின்கள் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தன. மீட்டர் கல்லாவில் உட்கார்ந்து, மணி வாரிக் கணக்கை எதிரே விரித்து வைத்துக்கொண்டார். அதன்படி முதல் மணி நேரத்தில் எட்டுப் பேர் வர வேண்டும்.

ஒருவரும் வரவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் மருந்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "உடம்பு இப்பத் தேவலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதினோரு மணி, அவசரத் துணிக்கு உச்சக் கூட்டம் என்று சிவப்பு மையில் எழுதியிருந்த மணி. தெருவில் ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தார்கள். யார் கையிலும் ஒரு கைக்குட்டைகூட இல்லை.

மீட்டர் வாசல் வரை போய் இரண்டு பக்கமும் பார்த்தார். கதவில் 'மூடப்பட்டுள்ளது' என்ற அட்டை தொங்குகிறதா என்றும் பார்த்தார். திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, என்ன இன்னிக்கு வாடிக்கைக்காரங்க ஒருத்தரையும் காணோம்?"

கவுண்டர் பெண் பில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"என்னண்ணே விளையாடுறீங்களா? ரெண்டு மாசமா உங்க வீட்டு அக்காவும் அவங்க தம்பியும்தானே அக்கம் பக்கத்துத் துணியையெல்லாம் மூட்டை மூட்டையாக் கொண்டு வந்து, ஒண்ணொண்ணுக்கும் தனித்தனி பில் போட்டுட்டிருந்தாங்க? பழைய வாடிக்கைகூட அவங்ககிட்டயே துணியைக் கொடுத்துட்டு வர்றதை விட்டுட்டாங்க. நீங்களே வந்து கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துட்டா, அந்தப் பக்கம் வேற யாரு வருவாங்க?"