மெத்தைக் கிடங்கு ஆப்பும் அத்தைக்கு வந்த எச்சரிக்கையும்

என்றும் என் மரியாதைக்குரிய, யார் அழைத்தாலும் போனை எடுக்காத மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் இளைய வாரிசு பணிவோடு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, அக்கா, நான் எல்லோரும் நலம். கூடவே அத்தையும் நலம். அவர் என் கட்டிலில் நலமாக இருக்கிறார், நான் தரையில் நலமாக இருக்கிறேன். அங்கே உங்கள் நலத்தையும், உங்கள் சமையலை நீங்களே சாப்பிடும் வயிற்றின் நலத்தையும் அறிய ஆவல். வேறு வழியில்லாமல் இதை உங்கள் லாரி ஓட்டுநரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

மாமா, மெத்தப் படித்த அக்கா உங்கள் மெத்தைக் கிடங்குக்கு ஆப் செய்தது உங்களை வீட்டில் மாட்டிவிட அல்ல. இருந்த வேலையை விட்டுவிட்டு அவள் பிடித்த முதல் வாடிக்கையாளர் நீங்கள். "கண்டவன் எல்லாம் இறக்கிக்கக் கூடாது, எங்க ஆளுங்க போன்ல மட்டும்தான் இருக்கணும்" என்று கேட்டதும் நீங்கள். அவளும் எல்லோரும் இறக்கும் பொது ஆப் கடையில் வைக்காமல், நீங்கள் கொடுக்கும் எண்களுக்கு மட்டும் தனி லிங்க் போகும்படி செய்தாள். பணியாளர் எண்களைக் கேட்டதற்கு, கிடங்கு குரூப்பில் இருந்த எண்களை அப்படியே அள்ளிக் கொடுத்தீர்கள். காலையில் நீங்கள் போடும் பூப்படத்துக்குக் கைதட்ட ஆள் வேண்டுமென்று சொந்தக்காரர்களையும் அதில் சேர்த்து வைத்திருப்பது அக்காவுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் பூ தாங்காமல் எப்போதோ அந்த குரூப்பை விட்டு ஓடிவிட்டாளே.

ஆப்பின் குணம் ஒன்றுதான்: மெத்தை கிளம்பத் தயாரானதும், யார் சும்மா இருக்கிறாரோ அவருக்கு வேலையை அனுப்பும். ஓய்வுபெற்றதிலிருந்து சும்மா இருப்பதில் பெரியப்பாவை மிஞ்ச ஆளுண்டா? முதல் வேலை அவருக்குத்தான் வந்தது. மனிதர் இஸ்திரி போட்ட சட்டையோடு கிடங்குக்குப் போய், இரட்டை மெத்தையைத் தன் குட்டிக் கார் தலையில் கட்டி, அது முன்கண்ணாடியை மறைத்ததால் பெரியம்மாவை ஜன்னல் வழியே தலை நீட்டி வழி சொல்ல வைத்து, எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வாங்கியவர் ஆப்பில் எழுதியது: "பெரியவர் மெத்தையை விரித்து, படுத்துக் காட்டி, தூங்கியும் காட்டினார். எழுப்ப மனம் வரவில்லை. ஐந்து நட்சத்திரம்."

அத்தைக்கும் வேலை வந்தது. உங்கள் வீட்டு அடுப்படியில் கைவேலையாக இருந்தவர், "யாரு இது சும்மா சும்மா" என்று 'மறு' பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஆப் பொறுமை இழந்து, உரிமையாளராகிய உங்கள் கையெழுத்தோடு, "தொடர்ந்து வேலையை மறுக்கிறீர்கள். உங்கள் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கப்படும்" என்று எச்சரிக்கை அனுப்பிவிட்டது. வாசகம் நான் எழுதிக் கொடுத்ததுதான்; ஓட்டுநர்களை மனதில் வைத்து எழுதினேன், சத்தியமாக. பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்ற அத்தை கேட்டது ஒரே கேள்வி.

"யாருடா அந்த வேற ஆளு?"

நீங்களோ அக்காவிடம், "ஆப் கேட்டா ஆப்பு வெச்சுட்டியேம்மா, ஒண்ணும் வேணாம் போ" என்று போனை வைத்தவர்தான். அவள் பழைய அலுவலகத்திலேயே திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதுகிறாள், அழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள். என்னைத் திட்டக்கூட இல்லை மாமா. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே நானே அவள் கணினியில் உட்கார்ந்து, சொந்தக்காரர் அத்தனை பேரையும் ஆப்பிலிருந்து நீக்கிவிட்டேன். பெரியப்பா மட்டும் கண் கலங்கினார். இன்று மாலைக்குள் நீங்கள் ஆப்பைத் திறந்து, அதை வாங்கிக்கொள்வதற்கான 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதைத் தொட்டால் போதும், அக்கா அந்தக் கடிதத்தை அனுப்பமாட்டாள். எங்கும் வர வேண்டாம், யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். படுத்தபடியே தொடலாம், உங்களிடம் பஞ்சுக்கா பஞ்சம்?

ஆசி சொல்லும் வயது எனக்கில்லை. உங்கள் பாத்திரம் அடிப்பிடிக்காமல் இருக்க வேண்டிக்கொண்டு,
தரையில் படுக்கும் உங்கள் மருமகன்.

பின்குறிப்பு: உங்களால் ஆப்பைத் திறக்க முடியாது என்பதை இப்போதுதான் கண்டுபிடித்தோம். நீங்களும் சொந்தக்காரர்தானே. நான் பெயர்களை வாசிக்க, பக்கத்தில் உட்கார்ந்து 'நீக்கு' பட்டனை அமுக்கியவர் அத்தை. உங்கள் பெயர் வந்ததும் நான் நிறுத்தினேன், அவர் நிறுத்தவில்லை. திரும்பச் சேர்க்க உங்கள் போன் அக்கா கைக்கு வர வேண்டும், அதாவது நீங்களும் இங்கே வர வேண்டும். அத்தையிடம் கேட்டேன். "வரச் சொல்லு. காலி இடத்துக்கு ஆள் எடுத்துட்டுத்தான் இருக்கேன், நேர்ல வந்து கேட்டா பார்க்கலாம்" என்றார். வரும்போது ஓர் ஒற்றை மெத்தை கொண்டுவாருங்கள். எனக்கு.