நான் சிரித்தேன், அவர்கள் தட்டை எடுத்தார்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு வருஷம் யோசித்தேன். குலசாமி கோயிலில் பூ கேட்டும் பார்த்தேன். மூன்று தடவையும் 'எழுது' என்றே வந்தது. என் மானத்தைப் பற்றிச் சாமிக்குக் கவலையில்லை போல.

பிடிக்காத எதைக் கேட்டாலும் சிரித்துத் தள்ளிவிடுவது என் வழக்கம். கிணறு வற்றியபோது சிரித்தேன். கறவை மாடு செத்ததற்குச் சிரித்தபோது, துக்கம் கேட்க வந்தவர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். (எனக்கு மந்திரிக்கணும் என்று ஊரெல்லாம் சொன்னாராம்.) நானோ இதைப் பெரிய மனப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

1998இல் என் தங்கை மல்லிகா பெரம்பலூரில் ஆசிரியர் பயிற்சி இரண்டாம் வருஷம் படித்தாள். அப்பா இல்லாத வீட்டுக்கு நான்தான் பெரியவன். குரும்பலூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். கேசரியைத் தின்றுகொண்டே மாப்பிள்ளையின் அப்பா சொன்னார்:

"படிப்ப இத்தோட நிறுத்திடுங்க தம்பி. எங்கூட்டுப் பொம்பளைங்க வேலைக்குப் போற வழக்கமில்ல."

எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆகவே "ஹஹ்ஹா!" என்று சிரித்தேன். இந்தப் பேச்சையெல்லாம் காதிலேயே வாங்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

அவருக்கு அர்த்தம் வேறு. "அண்ணங்காரரே சிரிச்ச மொகமா ஒத்துக்கிட்டாரு. தட்ட எடுங்கப்பா!"

வெற்றிலைத் தட்டு என்னை நோக்கி வந்தது. வாங்கினால் நிச்சயம் முடிந்தது, மல்லிகாவின் படிப்பும் முடிந்தது. மறுக்க வாயைத் திறந்தேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், மறுபடியும் சிரிப்புதான் வந்தது.

உள்ளேயிருந்து மல்லிகா சொம்போடு வந்தாள். (குடிக்கத் தண்ணீர் என்று நினைத்தோம்.) அப்படியே என் தலையில் கவிழ்த்தாள். நான் விதிர்விதிர்த்துத் தலையை உதறினேன்.

"பாத்துக்கங்க மாமா," என்றாள். "கோயில்ல மஞ்சத்தண்ணி ஊத்துனா வெட்டப்போற ஆடும் இப்படித்தான் துலுக்குது. அதையும் சம்மதம்னுதான் சொல்றோம். எங்கண்ணன் சிரிச்சதும் அந்தச் சம்மதந்தான். நான் படிக்கணும். தட்ட எடுத்துட்டுப் போயிட்டு வாங்க."

போனார்கள். வரவில்லை.

மல்லிகா இப்போது வேப்பந்தட்டைப் பக்கம் டீச்சர். படிக்க வைத்துப் பெருமைப்படும் மனுஷனே புருஷனாகவும் அமைந்தான். நான் சிரித்தால் போதும், அவள் மகள் "மாமா துலுக்கிட்டாரு!" என்று கத்துகிறாள். கோயிலில் ஆடு துலுக்கும்போது மட்டும் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.

இதை யாரிடம் சொன்னாலும் உள்ளபடியே சொல்லுங்கள். தங்கைக்காக நான் எழுந்து நின்று எதிர்த்துப் பேசியதாக என் மனைவி அவள் ஊரில் சொல்லி வைத்திருக்கிறாள். நான் எழுந்திருக்கவே இல்லை. ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.