ஏழாம் கட்டில்காரருக்கு உப்புமா கிடையாது

சாப்பிட வேண்டிய ஒருவரைப் பட்டினி போட்டேன். பட்டினி கிடக்க வேண்டிய ஒருவரை வற்புறுத்திச் சாப்பிட வைத்தேன். இரண்டையும் ஒரே காலையில், ஒரே வார்டில், ஒன்றரை மணி நேரத்துக்குள் செய்து முடித்தேன். இன்று நான் ஒரு வார்டுக்குப் பொறுப்பாளன். புதிதாக வரும் மாணவர்கள் எதையாவது சொதப்பிவிட்டு என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது எனக்குக் கோபமே வருவதில்லை. அதைப் பார்த்து என்னைத் தங்கமான மனிதர் என்கிறார்கள். தங்கமாவது ஒன்றாவது! என் பழைய கதை எனக்குத் தெரியும்.

அப்போது நான் நர்சிங் முதல் வருடம். அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஊட்டிக்குப் போவேன். முதல் நான்கு மாதம் வகுப்பில் எங்களுக்கு நோயாளியாக இருந்தது ஓர் ஆளுயரப் பொம்மை. அதைக் குளிப்பாட்டினோம், புரட்டிப் படுக்க வைத்தோம், அது படுத்திருக்கும்போதே அடியில் விரிப்பை மாற்றினோம். அது ஒருநாளும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. பொம்மையைக் கவனிப்பதில் வகுப்பிலேயே நான்தான் முதல். மேடம் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. ("இனி நம்ம ஊட்டுல யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டர்கிட்டப் போக வேண்டாம்" என்று அம்மாவிடம் அறிவிப்பு வேறு.)

ஐந்தாம் மாதம் நிஜ வார்டு. ஆண்கள் பிரிவு. நோயாளிகளின் கையில் பெயர்ப் பட்டை கட்டும் வழக்கம் அந்த ஆஸ்பத்திரியில் அப்போது வந்திருக்கவில்லை. தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை ஏழரைக்கு வார்டுப் பொறுப்பில் இருந்த லீலா சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"செந்தில், ஏழாம் கட்டில் ராமலிங்கத்துக்குப் பத்து மணிக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடுக்கக் கூடாது. வயித்துல ஷேவ் பண்ணி, துடைச்சுவிட்டு, துணி மாத்தி ரெடி பண்ணு. எட்டாம் கட்டில் ஆறுச்சாமி சுகர் பேஷண்ட். கோதுமை உப்புமா குடு. சாப்பிடறாரான்னு நின்னு பாரு."

பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டேன். '7 - பட்டினி, ஷேவிங். 8 - உப்புமா.' பெயர்களை எழுதவில்லை. நம்பர் இருக்கும்போது பெயர் எதற்கு?

எனக்குத் தெரியாமல் அதற்குள் ஒன்று நடந்திருந்தது. ஜனவரி மாதம். வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. ஏழாம் கட்டில் ஜன்னலோரம் இருந்ததால் காலை வெயில் நேராக அதன்மேல் விழும். எட்டாம் கட்டில் சுவரோரம், ஐஸ்பெட்டி மாதிரி. காலில் ஆறாத புண்ணோடு ஆறுச்சாமி அங்கே நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து ராமலிங்கம், "நான் பத்து மணிக்குப் போயிருவேன். நீங்க இங்க வந்து வெயில்ல காலை நீட்டிப் படுங்க" என்று இடத்தை மாற்றிக்கொண்டார். மனிதர்கள் மாறினார்கள். அட்டைகள் மாறவில்லை.

நான் முதலில் எட்டாம் கட்டிலுக்குப் போனேன். ராமலிங்கம் சேரங்கோடு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். உப்புமாத் தட்டை நீட்டியதும் திகைத்தார்.

"நேத்து சிஸ்டர் ஒன்னும் சாப்புடக் கூடாதுன்னாங்களே தம்பி."

"அது நேத்துங்க. இன்னிக்குக் கண்டிப்பாச் சாப்பிடணும்."

"ஒரு பிளேன்டீயாவது குடிச்சிக்கிறேன். சாப்பாடு வேணாமே."

"சாப்பிட்டாத்தான் நான் இங்கிருந்து நகருவேன்."

நின்று பார்க்கச் சொன்னார்கள் அல்லவா? நின்றேன். பாவம், கடைசிக் கரண்டி வரை சாப்பிட்டார். காலித் தட்டை நானே எடுத்துப் போய்க் கழுவப் போட்டேன். கடமை உணர்ச்சி.

பிறகு ஏழாம் கட்டில். குன்னூரில் மளிகைக் கடை வைத்திருந்த ஆறுச்சாமி கழுத்துவரை கம்பளியை இழுத்துக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க தம்பி, எனக்கு டிபன் இல்லீங்களா? பசிக்குதுங்க."

"உங்களுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாதுங்க. டாக்டர் உத்தரவு."

"ஊசி போட்ட நர்சம்மா, அரை மணி நேரத்துல சாப்பிடணும்னு சொல்லீட்டுப் போனாங்களே?"

"அவங்க நைட் டியூட்டிங்க. உத்தரவு மாறிருச்சு."

கம்பளியைக் கால் தெரியாமல் பாதி மட்டும் விலக்கி, வயிற்றில் சோப்பு நுரையைத் தடவினேன். குளிர்ந்த நுரை பட்டதும் மனிதர் எகிறினார்.

"இதெதுக்குங்க?"

"பெரிய டாக்டர் சொன்னதுங்க."

பெரிய ஆஸ்பத்திரி, அவர்களுக்குத் தெரியாததா என்று கண்ணை மூடிக்கொண்டார். நானும் பொம்மையிடம் கற்ற அத்தனை வித்தையையும் காட்டி வலதுபக்க வயிற்றைப் பளிங்காக்கினேன்.

இடதுபக்கம் ஆரம்பிக்கும்போது அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஊட்டியில், ஜனவரியில்! வெயில் அதிகம் போலிருக்கிறது என்று திரையை இழுத்துவிட்டேன். (என் மூளை அன்று அவ்வளவுதான் வேலை செய்தது.) அவர் கை நடுங்கியது. என்னைப் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"ரவை அரைக்கிலோ போடு. பொட்டலம் நல்லாக் கட்டு" என்றார்.

கையில் ரேசரோடு சிரித்தேன். தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து ராமலிங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அவருக்கு சீனி வருத்தம்! காலையில சுகர் ஊசி போட்டாங்க. இன்னும் ஒன்னுமே சாப்புடல. சிஸ்டரக் கூப்புடுங்க!"

நான் ரேசரை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். ராமலிங்கம்தான் "சிஸ்டர்!" என்று வார்டே அதிரக் கத்தினார். லீலா சிஸ்டர் ஓடி வந்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். அளவு மிகவும் இறங்கியிருந்தது. ஆறுச்சாமியைத் தூக்கி உட்காரவைத்து, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன். கால் மணி நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. சுற்றிப் பார்த்து, "கடையில யாருங்க இருக்கா?" என்றார். பிறகு தானே வெட்கப்பட்டுச் சிரித்தார்.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "இவருக்கு ஏன் சாப்பாடு குடுக்கலை?"

நோட்டை நீட்டினேன். "ஏழாம் கட்டில், சிஸ்டர்."

"இவரு ஆறுச்சாமி! ராமலிங்கம் எங்க?"

எட்டாம் கட்டிலிலிருந்து ஒரு கை மெல்ல உயர்ந்தது. சிஸ்டர் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க ஒண்ணும் சாப்பிடலையே?"

ராமலிங்கம் என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான்.

"இல்லைங்க சிஸ்டர்."

"அப்பாடா" என்று சிஸ்டர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் பண்ணப் போனார். நான் எட்டாம் கட்டிலருகே போய்க் குனிந்தேன்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஒங்களுக்கு ஏச்சு விழுமே தம்பி. எம்மகனும் ஒங்க வயசுதான். ரெண்டு கரண்டி உப்புமாதானே, என்ன ஆயிறப் போவுது?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மயக்க மருந்து கொடுத்தபின் வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம், ஆள் போய்விடலாம். பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மார்க் வாங்கியவன் நான். ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன்: சில நொடிகள் பேசாமல் நின்றேன். தட்டு கழுவியாகிவிட்டது. பார்த்தவர் யாருமில்லை. அவரே இல்லை என்றுவிட்டார். படிப்பு, கைதட்டல், அப்பா வாங்கித் தந்த புது ஷூ எல்லாம் கண்முன்னால் வந்தன. அந்த மனிதரோ, என்னைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவில் ஸ்ட்ரெச்சரின் சக்கரச் சத்தம் கேட்டது. ஓடினேன்.

"சிஸ்டர், அவர் சாப்பிட்டாரு. ஒரு தட்டு. வேண்டாம்னாரு, நான்தான் நின்னு சாப்பிட வச்சேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆபரேஷன் இரண்டு நாள் தள்ளிப்போனது. டாக்டர் வார்டுக்கு வந்து திட்டிய திட்டில் நோயாளிகள்கூடக் கம்பளிக்குள் தலையை இழுத்துக்கொண்டார்கள். லீலா சிஸ்டர் திட்டவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அவங்க ரெண்டு பேர்கிட்டயும் பேரைக் கேட்டியா?"

"இல்லைங்க சிஸ்டர்."

"ஒரு கேள்வி. கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்." என் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீயா வந்து சொன்னே. அதனாலதான் நாளைக்கும் உன்னை இந்த வார்டுக்கு வரச் சொல்றேன்" என்றார்.

இருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போனேன். ராமலிங்கம், "நான் சொன்ன பொய்க்கு எனக்கும் ஏச்சு விழுந்துச்சு தம்பி, சரியாப் போச்சு" என்றார். ஆறுச்சாமி சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தார். வலதுபக்கம் வழுவழு, இடதுபக்கம் புதர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க தம்பி. மீதியையும் எடுத்துட்டுப் போயிருங்க. ஊட்டுக்காரி கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

எடுத்தேன். எடுப்பதற்கு முன்னால் அவர் பெயரை இரண்டு தடவை கேட்டேன்.

அந்த வியாதி அத்தோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து யாருக்கு மாத்திரை கொடுத்தாலும், தண்ணீர் கொடுத்தாலும், "உங்க பேரு என்னங்க?" என்று வாய் தானாகக் கேட்டுவிடும். வார்டில் அது நல்ல பழக்கம். என் கல்யாண மேடையில் அவ்வளவு நன்றாக இல்லை. கெட்டிமேளம் முழங்க, ஐயர் தாலியைக் கையில் கொடுத்தார். பதற்றத்தில் மணப்பெண்ணின் பக்கம் குனிந்து, மிகுந்த மரியாதையோடு, "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

"கல்பனா. பத்திரிகையிலயே போட்டிருந்துச்சு, பாக்கலீங்களா?" என்றாள். வீடியோவில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வரும் எல்லோரும் அந்த இடத்தை மட்டும் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இப்போது சாப்பிட உட்கார்ந்தால் கல்பனா கரண்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "பேரு?" என்பாள்.

"செந்தில்குமார்."

"அப்பா பேரு?" இது என் ஆறு வயது மகள்.

"பழனிச்சாமி."

அதன்பிறகுதான் தட்டில் விழும். பாகற்காய்க் குழம்பு வைத்த நாளில் மட்டும் வேறு பெயர் சொல்லிப் பார்ப்பேன். இதுவரை ஒருமுறைகூடப் பலித்ததில்லை.